டீ வந்தால் பித்தளை

தாராவியில் தங்கத்தைத் தொலைத்து அழுதவர்களைவிட டீ கிளாசைப் பார்த்து அழுதவர்கள் அதிகம். அத்தனை பேரையும் அழவைத்தவர் ஒரே மனிதர். அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் என்பது மட்டும் தெரியும். சந்து முழுக்க அவர் ‘இருபதிலொண்ணு பாய்’. அவரைப் போல ஒரு மனிதர் பம்பாயில் முன்னும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை என்று என் மனைவி விசாலம் இன்றைக்கும் சொல்கிறாள். அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எண்பது தாண்டிய வயதில் வயிறு எரிந்தால் டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொல்கிறார். காரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நான் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்கு குமாஸ்தா. ஜாகை மாதுங்காவில், ஒரு ரூமும் ஒரு சமையலறையும். சம்பளம் போதாததால் மாலை வேளைகளில் தாராவிக்குப் போய் பாயின் பட்டறைக்குக் கணக்கு எழுதினேன். பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, எனக்கு ஒரு ஸ்டூல், பின்பக்கம் ஆசிட் ஜாடிகள். சுவரில் பதினேழு ஆணிகள். அதில் பன்னிரண்டில் ஒன்றும் தொங்காது. எண்ணுவது என் சுபாவம். அதைக் கெட்ட பழக்கம் என்று சொல்கிறவர்கள் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்கிறவர்கள்.

பாயின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நாம் ரோல்டு கோல்டு என்று பொதுவாகச் சொல்லும் சாமான்களில் உயர்ந்த ரகம் ஒன்று உண்டு. உடம்பு பித்தளை, அதன்மேல் நிஜமான தங்கத் தகட்டை அழுத்தி ஒட்டியிருப்பார்கள். வெளிநாட்டு மூக்குக்கண்ணாடி பிரேம், கைக்கடிகாரக் கூடு, பேனா மூடி, சங்கிலி என்று கப்பல்காரர்களும் கல்ஃபிலிருந்து வந்தவர்களும் கொண்டுவருவார்கள். அதில் எங்காவது ஒரு மூலையில் எறும்பு கால் அளவு எழுத்தில் ‘1/20 12K’ என்று குத்தியிருக்கும். மொத்த எடையில் இருபதில் ஒரு பங்குதான் தங்கத் தகடு, அந்தத் தகடும் பன்னிரண்டு காரட், அதாவது பாதித் தங்கம் என்று அர்த்தம். கூட்டிக் கழித்தால் நாற்பது கிராம் சாமானில் ஒரே ஒரு கிராம் சுத்தத் தங்கம். பாய் இவற்றை எடைக்கு வாங்கி ஆசிட்டில் போடுவார். பித்தளை கரைந்து பச்சைத் தண்ணீராகிவிடும். அடியில் பழுப்பாக ஒரு பிடி மண் தங்கும். அதை வெங்காரம் போட்டு உருக்கினால் மஞ்சளாகச் சிரிக்கும்.

“ஏன் பாய், கணக்குப்படி நாற்பதில் ஒன்றல்லவா? உங்களை ஏன் இருபதிலொண்ணு என்று கூப்பிடுகிறார்கள்?” என்று முதல் வாரமே கேட்டேன்.

“நாப்பதுன்னு சொன்னா ரொம்ப அழுதுருவாக சாமி. பாதி அழுகையை நான் குறைச்சிருக்கேன்லா?”

என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை இருபதில் எத்தனை பங்கு என்று என்னால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

உலகத்தில் எதைக் கண்டாலும் அவருக்கு இருபதால் வகுக்க வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் பிரியாணியைக் கிளறிப் பார்த்துவிட்டு, பந்தியே கேட்கும்படி, “இருபதுல ஒண்ணு கறி, மிச்சம் அரிசி. மாப்பிள்ளை வீடு மேல்பூச்சுதாம்வே” என்றார். மாப்பிள்ளையின் அப்பா அடுத்த நிமிஷமே ஒரு தட்டு நிறையக் கறி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். தேர்தல் நேரத்தில் சந்து முனையில் ஒரு தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். பாய் கைகட்டிக் கேட்டுவிட்டு வந்து, “மூணு நிமிசம் நெசம். கணக்கு சரியா சாமி?” என்றார். அறுபதை இருபதால் வகுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அவர் மூக்கில் எப்போதும் ஒரு தங்க நிற பிரேம் இருக்கும். அதில் கண்ணாடி கிடையாது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் விரலை விட்டு இமையைச் சொறிந்துகொள்வார். கேட்டால், “கண்ணு நல்லாத்தான் இருக்கு சாமி. மூக்குதான் ஆசைப்பட்டுது” என்பார்.

நகையைச் சோதிக்கும் விதமே தனி. முதலில் காதில் வைத்துக் கேட்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். கன்னத்தில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடுவார். கொண்டுவந்த பெண்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். இதில் ஒன்றாலும் ஒரு பயனும் இல்லை, எல்லாம் நாடகம். கடைசியில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்வார். கொக்கியின் உட்பக்கத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, அங்கே ஒரு சொட்டு ஆசிட் விடுவார். பச்சையாக நுரைத்தால் பித்தளை. அதை முதலிலேயே செய்யலாமே என்று நான் சொன்னபோது, “பொண்ணு பார்க்கப் போன எடத்துல வாசல்லயே தாலி கட்டுவேரோ?” என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எண்ணினேன், ஏழு பேர்.

இப்போது டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பச்சை நுரை வந்ததும் பாய் நகைக்காரியிடம் எதுவும் சொல்லமாட்டார். எதிரே இசக்கி என்பவரின் டீக்கடை. வாசல் பக்கம் திரும்பி, “இசக்கி, ஒரு டீ!” என்பார். டீ வந்து, கூடவே ஒரு நானக்கட்டாய் பிஸ்கட்டும் வந்து, நகைக்காரி குடித்து முடித்து கிளாசைக் கீழே வைத்த பிறகுதான் விஷயத்தைச் சொல்வார். “வெறும் வயித்துல கேக்கக் கூடாத சேதி ஒண்ணு உண்டு சாமி. அது இதுதான்” என்பது அவர் கட்சி. நல்ல தங்கம் கொண்டுவந்தவர்களுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. விலையைச் சொல்லி அனுப்பிவிடுவார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் இது ஒரு மாதத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துபோயிற்று. டீ வந்தால் பித்தளை. அதற்குப் பிறகு டீ கிளாசைக் கண்டதுமே அழ ஆரம்பித்தார்கள். “வேண்டாம் பாய், எனக்கு டீ வேண்டாம், இன்னொரு தடவை நல்லாப் பாருங்க!” என்று காலில் விழப்போனவள் உண்டு. ஒருத்தி கூட வந்த கொழுந்தனைக் குடிக்கச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள், குடித்தவன் தலையில் விடியட்டும் என்று. கல்ஃபிலிருந்து அப்போதுதான் வந்த ஒருவன் கையில் அகலமான செயினோடு வந்தான். டீ வந்தது. அவன் முகம் மாறிவிட்டது. “எனக்கு இன்னைக்கு விரதம்” என்றான்.

“நல்லது தம்பி. எப்ப முடியும்?”

“ராத்திரி.”

“இருங்க. அப்ப சொல்லுதேன்.”

அவன் கடை மூடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இசக்கி ஆறிய டீயை எடுத்துப் போய்ச் சூடு பண்ணிச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார். கடைசியில் பசி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “சரி, சொல்லும்வே!” என்று கத்தினான்.

இதற்கு நேர்மாறாக ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு கிழவர் அடிக்கடி வருவார். கையில் எப்போதும் அதே வளையல். அது பித்தளை என்று அவருக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் காதில் வைத்து, முகர்ந்து, கன்னத்தில் ஒற்றி, பாய் வாசல் பக்கம் திரும்பி டீ சொல்வார். கிழவர் குடித்துவிட்டு, “அடடா, போச்சே!” என்று சொல்லி நானக்கட்டாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். அந்த டீயைச் செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நான் கேட்டேன். “சோதனைச் செலவுன்னு எழுதும்” என்றார். எழுதினேன். எந்த ஆடிட்டரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு எங்கே எரிந்தது என்று சொல்கிறேன். சரியான விலையைச் சொன்னவன் நான். எடையைப் பார்த்து, இருபதால் வகுத்து, பாதியாக்கி, அன்றைய தங்க விலையால் பெருக்கி, கொக்கியில் உள்ள எஃகுச் சுருளுக்கும் பற்றவைப்புக்கும் கழித்து, ஆசிட் செலவையும் பாய்க்கு ஒரு லாபத்தையும் எடுத்துவிட்டு, காகிதத்தில் எழுதி நீட்டுவேன்: நூற்று முப்பத்தேழு ரூபாய் நாற்பது பைசா. பாய் அந்தக் காகிதத்தைப் பார்ப்பார், எதிரே நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார். “நூத்தம்பது” என்பார். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கணக்கு என்னுடையது, கும்பிடு அவருக்கு. மூட்டையாக பிரேம் கொண்டுவரும் மொத்த வியாபாரிகளிடம் அதே பாய் ஐந்து ரூபாய்க்குத் தொண்டை கட்டும்வரை சண்டை போட்டு எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுவார். அதை யார் பார்த்தார்கள்?

வீட்டுக்கு வந்து விசாலத்திடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அவள் பாய் சொன்னதை மட்டும் கேட்டுச் சிரிப்பாள். நான் ஒரு நாளும் அவளை அப்படிச் சிரிக்கவைத்ததில்லை. “விரதம்னானா? அப்பறம்? பாய் என்ன சொன்னார்?” என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். நான் கண்டுபிடித்த கூட்டல் பிழையைச் சொல்ல ஆரம்பித்தால் குக்கர் சத்தம் போட்டுவிடும்.

எனக்குப் போட்டியாக இன்னொருவரும் இருந்தார். என் மாமனார். ரயில்வேயில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். “எங்கப்பா தங்கம்” என்று விசாலம் சொல்லாத நாள் கிடையாது. சாட்சியாகக் கழுத்தில் ஒரு சங்கிலியைத் தொட்டுக்கொள்வாள். கல்யாணத்தில் அவர் போட்டது, ஐந்து சவரன். அது கழுத்தை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் அதன் மஞ்சள் கொஞ்சம் வெளிறினதாகத் தெரியும். “உங்கப்பா தங்கமோ என்னமோ, சங்கிலி தங்கமா என்று பாயிடம் கேட்டால் தெரியும்” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டறையிலும் சொல்வேன். பாய் அப்போதெல்லாம் ஆசிட் ஜாடியை எடுத்து வைக்கிற சாக்கில் பின்பக்கம் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் நெருளில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. சர்க்கார் கட்டிய சின்ன வீடு, குலுக்கலில் வந்தது. வாஷி பாலம் தாண்டி ஊரே இல்லாத ஊர். ஆனால் சொந்தக் குழாய், சொந்தக் கதவு. முதல் தவணையில் ஏழாயிரம் குறைந்தது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் வீடு அடுத்த பெயருக்குப் போய்விடும். தங்கம் அப்போது கிராம் இருநூறு ரூபாயை ஒட்டி இருந்தது. ஐந்து சவரன் என்றால் நாற்பது கிராம். இருபத்திரண்டு காரட்டாக இருந்தால் ஏழாயிரத்து முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. வீடு நம்முடையது. பித்தளையாக இருந்தால் வீடு போயிற்று, ஆனால் இத்தனை வருஷ வாதத்தில் மாமனாரை நான் ஜெயித்துவிட்டேன். எது வேண்டும் என்று அந்த வாரம் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கமாட்டேன்.

சங்கிலியை விற்கலாம் என்றேன். விசாலம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பொறுக்கினாள்.

“ப்ராவிடன்ட் ஃபண்டுல லோன் கேக்கப்படாதோ?”

“வட்டி யார் கட்டறது?”

“அப்போ சரி. மாதுங்கா கடையெல்லாம் வேண்டாம். பாய்கிட்டயே போலாம்.”

“பாயை உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாம என்ன? வாயைத் திறந்தா நீங்க அவரைப் பத்தித்தானே பேசறேள்” என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் போனோம். விசாலத்தைப் பார்த்ததும் பாய் எழுந்து நின்றார். என்னைப் பார்த்து அவர் ஒரு நாளும் எழுந்ததில்லை. “வாங்கம்மா” என்று பெஞ்சைத் தூசி தட்டிக் கொடுத்தார். அவள் சங்கிலியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பாய் அதை எடுத்தார். காதில் வைத்துக் கேட்கவில்லை. முகரவில்லை. கன்னத்தில் ஒற்றவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“பாருங்களேன் பாய்” என்றேன்.

“பார்ப்போம் சாமி, என்ன அவசரம்? வெயில் எப்படிக் கெடக்கு பார்த்தீரா?”

“மழைக்காலம் பாய் இது.”

“அதான், இந்த மழையைப் பார்த்தீரான்னேன்.”

அவர் உளறி நான் கேட்டது அது ஒன்றுதான். எங்கள் மூன்று பேரையும் எதிர்க்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இசக்கி, யாரும் சொல்லாமலே மூன்று டீயோடு வந்தார். எனக்கு ஒன்றை வைத்தார். பாய்க்கு ஒன்றை வைத்தார். மூன்றாவதை விசாலத்தின் கையில் கொடுத்து, வாஞ்சையாகச் சொன்னார்:

“மாமிக்குச் சீனி போடல. போன தடவ மாதிரிதானே?”

பின்பக்கம் ஜாடியில் ஏதோ ஒன்று கரைந்துகொண்டிருந்தது.

“ஏலே இசக்கி” என்றார் பாய், மெதுவாக. “உன் நாக்கை எடுத்து அந்த ஜாடிக்குள்ள போட்டா என்ன தேறும் தெரியுமா? ஒண்ணுமே தேறாது.”

“எந்தப் போன தடவை?” என்றேன் நான்.

விசாலம் ஒரு வாய் டீ குடித்தாள். நிதானமாகத்தான் பேசினாள். “நீங்க எப்பப் பார்த்தாலும் எங்கப்பாவைக் குத்திண்டே இருந்தேளோன்னோ. ஒரு நாள் பாய்கிட்ட காட்டி, தங்கம்தான்னு ஒரு சீட்டு எழுதி வாங்கிண்டு வந்து உங்க மூஞ்சிக்கு நேரே நீட்டலாம்னு வந்தேன். டீ வந்துது.”

“எப்போ?”

“கோபு ஸ்கூல்ல சேர்ந்தப்போ.”

எங்கள் மகன் கோபு அப்போது பத்தாவது எழுதியிருந்தான்.

பாய் சங்கிலியின் கொக்கியைப் புரட்டி என் பக்கம் காட்டினார். உட்பக்கத்தில் ஒரு பழைய அரத்தின் கீறல். பக்கத்தில் அந்த எறும்பு எழுத்து: ‘1/20 12K’.

“அப்பாக்கு அந்த எழுத்து தெரியும். குத்தியிருக்கறதைப் பார்த்துட்டுத்தான் வாங்கினார்” என்றாள் விசாலம். அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது, அடக்கினாள். “பார்சல் ஆபீஸ்ல இருபது மூட்டை வந்தா முதல் மூட்டை மேல ஒண்ணு பை இருபதுன்னுதான் எழுதுவாளாம். இதுவும் அப்படித்தான்னு நினைச்சுண்டார். வித்த கப்பல்காரன்கிட்ட, ‘மீதி பத்தொம்பது எங்கேப்பா? வேற யாருக்கும் குடுத்துடாதே’ன்னு கேட்டாராம். எங்கம்மாகிட்டப் பெருமையாச் சொல்லியிருக்கார். தங்கத்துக்கு உள்ள விலையை முழுசாக் குடுத்துத்தான் வாங்கியிருக்கார் பாவம்.”

பாய் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். முதல் தடவை கேட்டபோதும் இதே மாதிரிதான் சிரித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. இசக்கியும் சிரித்தார். அவருக்கும் பழைய கதைதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கை தானாகவே காகிதத்தை இழுத்தது. நாற்பது கிராம். இருபதில் ஒன்று, இரண்டு கிராம். அதில் பாதி, ஒரு கிராம். பெருக்கினால் இருநூறு ரூபாய். கொக்கியும் பற்றவைப்பும் கழித்து, தேய்மானம் கழித்து, நூற்று எண்பது. ஏழாயிரத்து முந்நூறுக்குப் பதில் நூற்று எண்பது. இத்தனை வருஷம் காத்திருந்த வெற்றி. மாமனார் எதிரே இருந்திருந்தால் காகிதத்தை அவரிடம் நீட்டியிருப்பேன். விசாலம் அந்த எண்ணைப் பார்த்தாள். வீடும் போய், அப்பாவும் போய், சீனி இல்லாத டீயோடு உட்கார்ந்திருந்தாள்.

“நூத்தி எண்பதுக்கு வித்துடலாமா?” என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ பெண்பிள்ளைகளின் முகத்தை அப்படிப் பார்த்து நூற்று முப்பத்தேழை நூற்றைம்பது ஆக்கின அதே பார்வை. ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. விலையை நான்தான் சொல்ல வேண்டும்.

“எடுத்துக் கழுத்தில போட்டுக்கோ” என்றேன். “ப்ராவிடன்ட் ஃபண்டுல கேக்கறேன்.”

“வட்டி?”

“வட்டி கட்டிக்கலாம்.”

“சாமி!” என்றார் பாய்.

திரும்பி வரும் வழியில் சயான் ரோட்டைத் தாண்டும்போது கேட்டேன். “அன்னைக்கு எத்தனை டீ குடிச்சே?”

“ரெண்டு.”

“ரெண்டா?”

“அப்பா கதையைச் சொல்லிண்டிருந்தேனா, முதல் டீ ஆறிடுத்து.”

பத்து வருஷம். வாரத்தில் மூன்று மாலை அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் மாமனாரைக் கேலி பேசியிருக்கிறேன். பிரியாணி ரகசியத்தைக்கூட வைத்துக்கொள்ளத் தெரியாத வாய் அது. என் வீட்டு விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. பாய் மட்டுமில்லை. இசக்கிக்குத் தெரியும். வளையல் கிழவர் அன்றைக்குப் பெஞ்சில் இருந்தாராம், அவருக்கும் தெரியும். டீ வந்ததை யார்தான் பார்க்கவில்லை? ஒரு சந்து முழுக்கத் தெரிந்த ரகசியம் கணக்கு எழுதுகிறவனுக்கு மட்டும் தெரியவில்லை. என் பெண்டாட்டி அங்கே இரண்டு டீ குடித்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். நான் இல்லாத இடத்தில், நான் உட்காரும் ஸ்டூலுக்குப் பக்கத்தில். அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

லோன் கிடைத்தது. தவணை கட்டினோம். நெருளில் பால் காய்ச்சின அன்று பாய் வந்தார், இரண்டு பஸ் மாறி. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராகச் சுவரிடம் போனார். காதை வைத்துக் கேட்டார். முகர்ந்தார். கன்னத்தை ஒற்றினார். வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லாரும் வாய் பிளந்து நின்றார்கள்.

“இருபதுல ஒண்ணு சிமென்ட்டு. மிச்சம் கடல் மண்ணு” என்றார். “ஆனா வீட்டுக்குள்ள இருக்கவுக முழுத் தங்கம். அதனால நிக்கும்.”

விசாலம் விழுந்து விழுந்து சிரித்தாள். என் அத்தை விசாலத்தின் கழுத்தைப் பார்த்து, “எத்தனை சவரன்டீ இது?” என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, “அஞ்சு. மாமனார் போட்டது” என்றேன். பாய் கண்ணாடி இல்லாத பிரேமுக்குள் விரலை விட்டு இமையைச் சொறிந்துகொண்டார்.

நெருளிலிருந்து ஆபீசுக்குப் போய் வருவதற்கே பொழுது சரியாக இருந்தது. பாயின் வேலையை விடவேண்டியதாயிற்று. அவர் வேறு ஒருவரை அமர்த்திக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். என் ஸ்டூலில் அன்வர் என்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், கையில் கால்குலேட்டர். பாய் அவரைப் பார்த்து, “அந்தப் பக்கத்தை எடும் சாமி” என்றார்.

“அவரையுமா சாமி என்கிறீர்கள்?” என்றேன்.

“கணக்கு எழுதுறவுக எல்லாரும் எனக்குச் சாமிதாம்வே.”

அன்வர் எழுதினதை வாங்கிப் பார்த்தேன். ஒரு இடத்தில் அறுபத்து மூன்றை முப்பத்தாறு என்று எழுதியிருந்தார். அன்று நான் சந்தோஷமாக நெருளுக்குத் திரும்பினேன். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். “அங்க உங்களுக்கு இன்னும் என்ன வேலை?” என்று விசாலம் கேட்டாள். தப்பு இருக்கிறது, பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்ச நாளில் அன்வர் ஒரு தப்பும் இல்லாமல் எழுத ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகும், பாய் பட்டறையை மூடிவிட்டு ஊருக்குப் போகும்வரை, இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அவர் பக்கத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதை வாரம் ஒரு தடவையாவது நேரில் பார்த்து எரிச்சல்படாமல் என்னால் இருக்க முடியவில்லை.